ஜாம் ஆன கப்சாய் இஞ்சின்: வீட்டிலேயே பிரிக்கும் முறை

2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கி விடாமல் பெய்த மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். ஷா ஆலாம் 25ஆம் பிரிவிலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் முழுகிப் போயின. மக்கள் மாடியில் காத்திருந்து படகில் வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்ததும் வாசல்களில் சேறு பூசி நின்றவை கார்களும் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களும்தான். அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாடு முழுக்க 6.1 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்றும், அதில் வாகனங்களின் பங்கு மட்டும் ஏறக்குறைய 1 பில்லியன் என்றும் மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

கார்காரருக்குக் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பும் சேர்ந்திருந்தால் ஓரளவு கை கொடுக்கும். கப்சாய்க்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் எடுக்கிறார்கள். சொந்த மோட்டாருக்கு அதில் ஒரு சென்னும் வராது. தொழிற்சாலை இரவு ஷிஃப்டுக்கும் உணவு விநியோகத்துக்கும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும் அந்த ஒரே மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டுக்கு, ஜாம் ஆன இஞ்சினைக் காப்பாற்றத் தெரிவது மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காப்பாற்றுவதற்குச் சமம். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

எடுத்துக்காட்டுக்கு ஹோண்டா இஎக்ஸ்5 எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்நாட்டுச் சாலைகளில் ஓடும் மாடல் அது. கார்புரேட்டர் வகையில் 97 சிசி. சிலிண்டர் துளை 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் முன்சக்கரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். 1958இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் வம்சம் முழுக்க இதே அமைப்புதான். 2017இல் அந்த வம்சத்தின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. ஆகவே சி70 வைத்திருப்பவருக்கும் வேவ் வைத்திருப்பவருக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். முறுக்கு அளவு, இடைவெளி அளவு போன்ற எண்களை மட்டும் அந்தந்த மாடலின் பட்டறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதைப்பதற்கு முன்

வெள்ளத்தில் நின்ற மோட்டாரை வைத்திருப்பவர் செய்யும் முதல் காரியம், கிக்கரில் கால் வைப்பது. அதுதான் செய்யவே கூடாத காரியம். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் நின்றுபோகும்போது இரண்டு வால்வுகளில் ஒன்று திறந்தபடி நிற்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் காற்று வடிகட்டி வழியாகவோ சைலன்சர் வழியாகவோ ஏறி, அந்தத் திறந்த வால்வின் வழியே சிலிண்டருக்குள் புகுந்துவிடும். காற்றை அழுத்திச் சுருக்கலாம். தண்ணீரைச் சுருக்க முடியாது. வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் எங்கேயாவது ஒன்று வளைந்தாக வேண்டும், பெரும்பாலும் அது கனெக்டிங் ராட். சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினால் போதும் என்றிருந்த இஞ்சின், ஒரே உதையில் கிராங்க் மாற்ற வேண்டிய இஞ்சினாகிவிடும். கியரில் போட்டுத் தள்ளுவதும் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை அமுக்குவதும் அப்படித்தான்.

இரண்டு வால்வும் மூடிய நிலையில் நின்ற இஞ்சினுக்கு அதிர்ஷ்டம். உள்ளே சொட்டுத் தண்ணீர்கூடப் போயிருக்காது. அது தெரியும்வரை எல்லா இஞ்சினுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது என்றே நடந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி முனையைக் கழற்றி, பெட்ரோலை மூடி, கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். அதற்கு முன் பிளக் குழியைச் சுற்றியுள்ள சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்றால் ஊதிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிளக் வெளியே வரும், மணல் உள்ளே போகும். வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். கையில் சிறு கீறல் இருந்தால்கூட ரப்பர் கையுறை இல்லாமல் அந்தச் சேற்றைத் தொடக் கூடாது. இஞ்சினை அப்புறம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெய். அடியிலுள்ள வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்த வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. பல நாள் அசையாமல் நின்ற இஞ்சினில் அது அடியில் தங்கியிருக்கும், முதலில் தெளிந்த தண்ணீராகவே சொட்டும். ஏற்கெனவே உதைத்துப் பார்த்த இஞ்சினாக இருந்தால் இரண்டும் கலந்து தே தாரேக் நிறத்தில் வரும். எது வந்தாலும் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பார்ப்பது நல்லது. அடியில் பளபளக்கும் உலோகத் தூள் தங்கினால் பிரச்சினை வெள்ளத்தோடு நிற்கவில்லை என்று பொருள்.

எங்கே பிடித்திருக்கிறது?

ஜாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது வெவ்வேறு விஷயங்கள். தண்ணீர் புகுந்து நின்றால், வார்ப்பிரும்பால் ஆன துளைச் சுவர் துருப்பிடிக்கும்; துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் அந்தத் துரு ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் இருப்பதே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், பிறகு எப்படி அசையும்?

எண்ணெய் குறைந்து ஓடிப் பிடித்த இஞ்சினின் கதை வேறு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 50 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மி.மீ. பருக்கும், அதே சூட்டில் இரும்புத் துளை அதில் பாதிதான் விரியும், அதுவும் வெளிக்காற்று குளிர்விப்பதால் அந்த அளவுச் சூட்டையே எட்டாது. எண்ணெய்ப் படலம் அறுந்த நொடியில் பிஸ்டனின் அலுமினியம் சுவரில் தேய்ந்து அப்பிக்கொள்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது இஞ்சின் திடீரென்று இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்வது இப்படித்தான். ஆறியதும் சில சமயம் தானே விட்டுவிடும். விட்டுவிட்டதே என்று தொடர்ந்து ஓட்டினால் அடுத்த முறை விடாது.

இவை தவிர, கேம் சங்கிலி சிக்கியிருக்கலாம். உடைந்த ஒரு துண்டு கியருக்குள் விழுந்திருக்கலாம். கிக்கர் பல் மட்டுமே மாட்டியிருக்கலாம். இஞ்சினே நன்றாக இருந்து, பின்சக்கர பிரேக் துருவேறிப் பிடித்துக்கொண்டு ஆளை ஏமாற்றுவதும் உண்டு. வெள்ளத்துக்குப் பின் இது சர்வசாதாரணம்.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிடி எங்கே இருக்கிறது? நியூட்ரலில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அது சுற்றி, கிக்கர் மட்டும் அசையவில்லை என்றால், இடப்பக்க மூடியைத் திறந்து ஃப்ளைவீலைக் கையால் இரு பக்கமும் அசைத்துப் பார்க்கலாம். ஃப்ளைவீல் சுற்றினால் இஞ்சின் ஜாம் ஆகவில்லை, கிக்கர் பக்கம்தான் கோளாறு.

இங்கே ஒரு நுணுக்கம். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த இஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஃப்ளைவீல் நட்டும் அதே திசையில்தான் கழலும். ஜாம் ஆன இஞ்சினில் ஸ்பானர் போட்டு அந்தப் பக்கம் அழுத்தினால் கிராங்க் அசையாது, நட்டு கழன்று வரும். நட்டு அசைந்ததைப் பார்த்து இஞ்சின் விட்டுவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும். சோதனைக்கு ஒரு கையின் பலம் போதும். ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டுவது இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

ஊறப்போடுதல்

வீட்டில் செய்பவருக்குப் பட்டறையில் இல்லாத ஒரு வசதி உண்டு, அது காலம். பட்டறைக்கு வரிசையில் அடுத்த மோட்டார் காத்திருக்கிறது; அதனால் சுத்தியலை எடுக்கிறார்கள். வீட்டிலோ எண்ணெய் ஒரு வாரம் ஊறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. துருப்பிடித்து இறுகிய சிலிண்டருக்கு அந்த ஒரு வாரத்தைவிடச் சிறந்த கருவி எதுவும் கிடையாது என்பதே இந்நூலின் நிலைப்பாடு.

பிளக் துளை வழியே டீசலும் ஆட்டோ கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து ஊற்றலாம். கடையில் விற்கும் துரு இளக்கும் தெளிப்பானும் ஆகும். அசிட்டோன் கலப்பவர்கள் உண்டு. வேகமாக ஊடுருவும் என்பது உண்மை. சட்டென்று தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. அடுக்குமாடி வீட்டின் நடைபாதையிலோ சமையலறை ஓரத்திலோ வைத்து வேலை செய்பவருக்கு டீசலே போதும். பெட்ரோல் எதற்கும் உதவாது. அது துருவை இளக்காமலே ஆவியாகிவிடும், தங்கியிருக்கும் கொஞ்சம் எண்ணெயையும் கழுவிவிடும்.

கப்சாய் இஞ்சினில் பலர் தவறவிடும் விஷயம் இதுதான்: சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பதால் ஊற்றிய எண்ணெய் கீழ்ப்பக்கச் சுவரில் மட்டும் தேங்கும். ரிங்கின் மேல்பாதி காய்ந்தே கிடக்கும். மூன்று நாள் ஊறியும் அசையவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இஞ்சினை மோட்டாரிலிருந்து இறக்கி, சிலிண்டர் ஹெட் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, பழைய டயருக்குள் அமர்த்திவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி வட்டமாக நிற்கும். இறங்கும் அளவைக் காலையும் மாலையும் பார்க்கலாம். அளவு குறைந்துகொண்டே வந்தால் எண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்குகிறது, நல்ல அறிகுறி. அப்படியே நிற்கிறதென்றால் வெளிப்புறத்தை ஹாட் ஏர் கன் கொண்டு மிதமாகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். விரிந்து சுருங்கும்போது எண்ணெய் நுழைய இடைவெளி கிடைக்கும். தீ நாக்கு உள்ள விளக்கைப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே டீசல் இருக்கிறது.

இஞ்சினை இறக்குவது பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. சட்டத்தோடு அதைப் பிணைத்திருப்பவை இரண்டு நீள போல்ட்டுகள். கால்மிதிக் கம்பி, சைலன்சர், கார்புரேட்டர், கியர் மிதி, முன் பல்சக்கரத்து மூடி, சங்கிலி, வயர் இணைப்புகள் ஆகியவற்றை எடுத்தால் அது தனியாக நிற்கும். ஒருவரே தூக்கிவிடலாம் என்றாலும் இருவர் இருந்தால் இடுப்புக்கு நல்லது. சிரமம் தருவது சைலன்சர் நட்டுகள்தான். சூட்டிலும் மழையிலும் வெந்து துருவேறியவை. அவசரப்பட்டால் ஹெட்டில் பதிந்திருக்கும் ஸ்டட் முறியும், அதைத் துளைத்தெடுக்க லேத் கடைக்குப் போக வேண்டியிருக்கும். முதல் நாளே துரு இளக்கியைத் தெளித்துவிட்டு மறுநாள் தொடுவது நல்லது.

கழற்றும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளை ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் எது நீளம், எது குட்டை என்ற குழப்பம் வராது.

கருவிகளில் 8 முதல் 17 வரை ரிங் ஸ்பானர்களும் டி-ஸ்பானர்களும் எந்த வீட்டிலும் சேர்ந்துவிடும். வாங்கியே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர். ஜப்பானிய மூடி ஸ்குருக்களின் சிலுவைக் குழி சாதாரண ஸ்குரு டிரைவரின் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கி, தலை மழுங்கிவிடும். மற்றது ஃப்ளைவீல் புல்லர். ஃப்ளைவீலின் விளிம்பில் தட்டிக் கழற்றினால் உள்ளிருக்கும் காந்தம் உடையும், கிராங்க் முனையும் வளையும். மாடல் பெயரைச் சொன்னால் மோட்டார் உதிரிக் கடையில் சரியான அளவு எடுத்துத் தருவார்கள்.

ஹெட்டைக் கழற்றுதல்

நல்ல இஞ்சினில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஃப்ளைவீலிலுள்ள டி குறியைக் கோட்டோடு பொருத்திவிட்டுக் கேம் சங்கிலியைக் கழற்றுவார்கள். ஜாம் ஆன இஞ்சினில் அதற்கு வழியில்லை. நின்ற இடத்திலேயே பிரிக்க வேண்டும். அப்போது கேம்ஷாஃப்ட் ஒரு வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டிருக்கலாம். வால்வு மூடிகள் இரண்டையும் திறந்து, சரிசெய்யும் ஸ்குருக்களைத் தளர்த்தி அந்த அழுத்தத்தை முதலில் இறக்கிவிட வேண்டும். பிறகு சங்கிலியின் டென்ஷனரைத் தளர்த்தி, கேம் பல்சக்கரத்தின் போல்ட்டுகளை எடுக்கலாம். அதற்கு முன் சங்கிலி இறங்கும் குகையில் ஒரு துணியைத் திணித்து வைக்காதவருக்கு, உள்ளே விழுந்த போல்ட்டுக்காக இஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரும். சங்கிலியை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

பல்சக்கரம் கழன்றதும் ஃப்ளைவீலை மறுபடி அசைத்துப் பார்க்க வேண்டும். இப்போது சுற்றுகிறதென்றால் பிடி ஹெட்டில்தான், எண்ணெய் கிடைக்காத கேம்ஷாஃப்ட் தன் இருக்கையில் இறுகியிருக்கிறது. சிலிண்டரைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல சிலிண்டர் பிளாக்கைத் தட்டிக் கெடுப்பவர்கள் நிறைய.

ஹெட்டின் நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் கோணும். இந்த வம்சத்து இஞ்சின்கள் பலவற்றில் ஒரு நட்டுக்கு அடியில் மட்டும் செம்பு வாஷர் இருக்கும். எண்ணெய் மேலேறும் ஸ்டட் அது. எந்த மூலையில் இருந்தது என்று படம் எடுக்காவிட்டால் பூட்டிய பிறகு எண்ணெய் கசியும். ஹெட் வரவில்லையென்றால் ரப்பர் சுத்தியலால் ஓரங்களில் மெல்லத் தட்டலாம். கேஸ்கெட் முகத்தில் ஸ்குரு டிரைவரைச் சொருகி நெம்பும் எண்ணம் வந்தால் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

பிஸ்டனை விடுவித்தல்

ஹெட் போனதும் துளை கண்ணுக்குத் தெரியும். பழுப்புத் துரு வளையமாகப் படிந்திருக்கிறதா, வெள்ளிக் கோடுகள் நெடுக்காக ஓடுகின்றனவா? துருவென்றால் தண்ணீர், கோடென்றால் எண்ணெய்ப் பஞ்சம். இரண்டாவதாக இருந்தால் பிஸ்டனும் சுவரும் ஏற்கெனவே கெட்டுவிட்டன. மென்மையாகக் கையாள்வது கிராங்கைக் காப்பாற்றுவதற்காகவே.

துரு என்றால் உடனே தட்டத் தோன்றும். அதற்கு முன் பிஸ்டனுக்கு மேலே திறந்து கிடக்கும் சுவரிலுள்ள துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய எமரித் தாளால், 400 எண் போதும், வட்டமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பிஸ்டன் அசைந்தால் ரிங் அந்தத் துருப் படியின் மேல்தானே ஏற வேண்டும்? வழியைச் சுத்தம் செய்யாமல் தள்ளினால் ரிங் முறியும், முறிந்த ரிங் சுவரில் பள்ளம் கீறும். தேய்த்த தூளைத் துணியால் ஒற்றியெடுத்து, மறுபடி எண்ணெய் விட்டு ஓர் இரவு வைக்கலாம்.

அடுத்து பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவழியில் நின்றால், துளையைவிடச் சற்றுச் சிறிய உருண்டை மரக்கட்டையைப் பிஸ்டன் தலையில் வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் சிறு தட்டுகளாகத் தட்டலாம். ஓங்கி அடிக்கும் ஓர் அடியைவிடச் சிறு தட்டுகள் ஐம்பது அதிகம் சாதிக்கும்; அதிர்வில்தான் துரு நொறுங்குகிறது, எண்ணெயும் இறங்குகிறது. அரை மில்லிமீட்டர் அசைந்ததும் ஃப்ளைவீலைத் திருப்பி மேலே கொண்டுவந்து, மறுபடி கீழே தள்ளி, இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் வழி தானே அகலும்.

பிஸ்டன் சரியாக உச்சியிலோ சரியாக அடியிலோ நின்றால் மேலிருந்து தட்டவே கூடாது. அந்த நிலையில் பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். தட்டும் பலம் கிராங்கைத் திருப்பாது, ராடின் அடியிலுள்ள பேரிங்கிலும் கிராங்க்கேஸ் பேரிங்கிலும் குழி விழவைக்கும். துருவிலிருந்து தப்பிய இஞ்சின் அந்தக் குழியால் பிறகு ஓலமிடும். இங்கே வழி எதிர்மாறானது: பிஸ்டனை விட்டுவிட்டுப் பிளாக்கை மேலே எடுக்க வேண்டும். பிளாக்கின் கனமான ஓரங்களில் ரப்பர் சுத்தியலால் மாறி மாறி மேல்நோக்கித் தட்டலாம். குளிர்விக்கும் இறக்கைகளில் தட்டினால் அவை உடைந்துவிடும்.

இதற்கும் அசையாத இஞ்சினுக்குப் பழைய டிராக்டர் மெக்கானிக்குகள் கையாண்ட கிரீஸ் கன் முறை உண்டு. ஹெட்டைத் திரும்பப் பூட்டி, இரு வால்வும் முழுதாக மூடியிருக்கும்படி செய்து, பிளக் துளையில் ஓர் இணைப்பை மாட்டி கிரீஸை அழுத்துவார்கள். 50 மி.மீ. பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 100 கிலோ அழுத்தம் கிடைத்தாலே பிஸ்டன் தலையில் சுமார் இரண்டு டன் பலம் இறங்குகிறது, அதுவும் அடியே இல்லாமல், சீராக. உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கு இதுவும் ஆகாது. பேரிங் மேல் விழும் சுமை அதேதான். கிரீஸுக்குப் பதில் அமுக்கிய காற்றைப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து. கிரீஸின் அழுத்தம் பிஸ்டன் அசைந்த நொடியில் விழுந்துவிடும், காற்று வெடிக்கும்.

பிளாக் வெளியே வந்ததும் கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பைத் தொட வேண்டும். அது கண்டிப்பாகத் துள்ளும். கண்ணாடி அணிந்திருப்பதும் அவசியம். பிஸ்டன் தலையிலுள்ள ஐஎன் குறி கார்புரேட்டர் பக்கம் பார்த்திருக்கும். திரும்பப் போடும்போதும் அப்படியே. கழற்றிய சர்க்ளிப்பை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அளப்பதும் தீர்மானிப்பதும்

துருவைத் தேய்த்த பிறகு சுவரில் நகம் மாட்டும் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கறை மட்டும் என்றால் லேசாக ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் ஓடும். பள்ளம் என்றால் துளையைப் பெரிதாக்கி, அடுத்த அளவுப் பிஸ்டன் போட வேண்டும், 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக ஓவர்சைஸ் வரும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் துளையைக் குடையச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கேற்ற துளை வேண்டுமே தவிர, துளைக்கேற்ற பிஸ்டன் தேடக் கூடாது.

இது வீட்டு வேலை அல்ல, லேத் கடை வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செந்தூலில் ரயில்வே மத்தியப் பட்டறையும் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடியிருப்பும் இருந்தன. அரமும் கேலிப்பரும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல. நூறில் ஒரு மில்லிமீட்டருக்குக் கவலைப்படும் கையைத் தேடிப் போவது, மலிவான கையைத் தேடிப் போவதைவிட மேல்.

கிராங்க்கேஸைப் பிளப்பதா, விடுவதா என்பது அடுத்த தீர்மானம். கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. டீசலால் நன்கு கழுவி, எண்ணெய் விட்டு, கிராங்கைச் சுற்றினால் பேரிங் மணல் அரைப்பதுபோல் கரகரத்தால் பிளந்தே ஆக வேண்டும். கிள்ளானில், குறிப்பாகத் துறைமுகப் பக்கம், கடல் ஏற்றத்தோடு வந்த உப்புத் தண்ணீரில் நின்ற இஞ்சினை, கரகரப்பு இல்லாவிட்டாலும் பிளந்து கழுவுவதே சரி. உப்பு எண்ணெய்க்கு அடியிலும் அரித்துக்கொண்டிருக்கும். கிளச் நட்டுக்குத் தனி சாக்கெட் வேண்டும், கிராங்க் பேரிங் ஏற்ற அழுத்தும் கருவி வேண்டும். முதல்முறை பிரிப்பவர் இந்த இடத்தில் நிறுத்தி, பிரித்த பாகங்களைப் பெட்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோவதில் குறைவு எதுவுமில்லை. பாதி வேலை முடிந்த இஞ்சினுக்குக் கூலியும் குறையும்.

பழைய இரும்புக் கடையில் முழு இஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே என்று நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கிராங்க்கேஸில் பொறித்துள்ள இஞ்சின் எண் மோட்டாரின் கிராண்டில் பதிவாகியுள்ளது. வேறு எண்ணுள்ள இஞ்சினை மாட்டினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை. திருட்டு மோட்டாரின் இஞ்சினாக அமைந்துவிட்டால் வழக்கு வரும். உள்ளிருக்கும் பாகங்களை மாற்றி, சொந்தக் கிராங்க்கேஸைக் காப்பாற்றிக்கொள்வதே நிம்மதி.

யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹெட்டில் வால்வும் கேம் சங்கிலியும் இல்லாததால் பிரிப்பது எளிது. ஆனால் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. எண்ணெய் பம்ப் கேபிள் தளர்ந்தாலோ, கிராங்க் சீல் வழியே காற்று புகுந்து கலவை மெலிந்தாலோ பிஸ்டன் பிடிக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் மட்டும் போட்டால் அதுவும் சில நாளில் பிடித்துவிடும்.

பூட்டியதும் முதல் ஓட்டமும்

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். எல்லா கேஸ்கெட்டும் சீலும் புதிது. ரிங் வாய்களை ஒன்றுக்கொன்று விலக்கி, பிஸ்டனுக்கும் துளைக்கும் தாராளமாக எண்ணெய் பூசி, கேம் பல்சக்கரத்தின் குறியையும் ஃப்ளைவீலின் டி குறியையும் பொருத்தி, ஹெட் நட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு மூலைக்கு மூலை இறுக்க வேண்டும். ஹெட் அமர்ந்தபின் வால்வு இடைவெளி இஎக்ஸ்5க்கு 0.05 மி.மீ., இஞ்சின் ஆறிய நிலையில். எண்ணெய், வெறுமனே வடித்து ஊற்றினால் 0.7 லிட்டர், முழுதாகப் பிரித்துப் பூட்டியிருந்தால் 0.9 லிட்டர்.

பிளக் இல்லாமல் கையால் பலமுறை சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். வெள்ளம் பார்த்த இஞ்சினில் முதலில் விலை குறைந்த எண்ணெய் ஊற்றி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். அதில் இன்னும் வெண்மை தெரிந்தால் மறுபடியும் அதே வேலை. தெளிந்த எண்ணெய் வந்த பிறகே மோட்டார் சைக்கிளுக்குரிய ஜாசோ எம்ஏ தர எண்ணெய்; கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் இந்த ஈரக் கிளச் வழுக்கும்.

இப்படிக் கழுவி எடுத்த எண்ணெய் இரண்டு மூன்று லிட்டராவது சேர்ந்திருக்கும். 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்ற தனிக் குறியீடு உண்டு. பட்டறைகள் அதைச் சேர்த்து வைத்து உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வாசலில் ஓடும் லோங்காங்கில் ஊற்றினால் அது நேரே கிள்ளான் ஆற்றுக்குப் போகிறது. பழைய எண்ணெய்ப் போத்தல்களிலேயே நிரப்பி, மூடியை இறுக்கி, பழக்கமான பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல், விரித்துக் காயவைத்து அவற்றையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முழு வேகமும் வேண்டாம், இருவர் ஏறிச் செல்வதும் வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் சுவரோடு நன்றாகப் படியும். அதன் பின் எண்ணெயை மீண்டும் மாற்றி, வால்வு இடைவெளியைப் பார்த்து, சைலன்சர் நட்டுகளையும் இஞ்சினைத் தாங்கும் இரண்டு நீள போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.